பிரிட்ஜ் கதவில் நாலு நிறக் காலண்டர்: ஓர் இளம் ஃபுட்டி வீராங்கனையின் தொடக்க ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குக் கிழக்கே இருக்கும் கிப்ஸ்லாந்து பகுதியில் நடந்தது இது. நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். வார இறுதிகளில் உள்ளூர் கிளப்பில் சம்பளமில்லாத டிரெய்னர். ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்து. அந்தக் கிளப்பில் டிரெய்னர் என்றால் பயிற்சியாளர் என்று பொருள் இல்லை. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தண்ணீர் கொண்டுபோவது, யாராவது விழுந்து எழுந்திருக்காவிட்டால் மைதானத்துக்குள் ஓடுவது, இதெல்லாம்தான் வேலை.

அந்தப் பெண்ணும் அவள் பெற்றோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், ஊர், அணி எதையும் சொல்லப்போவதில்லை. என் தரப்பில் நடந்த தவறும் இதில் வரும். அதை விட்டுவிட்டால் இதை எழுதவே வேண்டியதில்லை.

பின்னணி

மாட்டுப்பண்ணைக் குடும்பம். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் வீடு. இரண்டு அண்ணன்கள், இருவரும் ஃபுட்டி ஆடுகிறவர்கள். இவள் எட்டு வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடத் தொடங்கினாள். 2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை இரவு, பெண்களுக்கான தேசிய லீக்கான ஏ.எஃப்.எல்.டபிள்யூ.வின் முதல் ஆட்டம் மெல்பர்னில் நடந்தது. கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய அந்த ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்து, இடமில்லாமல் வாசற்கதவை மூட வேண்டியதாயிற்று. அப்போது இவளுக்குப் பதினோரு வயது. வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்தார்களாம். "அன்றைக்கு வரைக்கும் பெரியவளானால் நர்ஸ் ஆவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார் அம்மா. அன்று எட்டு அணிகளோடு தொடங்கிய லீக்கில் 2022 முதல் பதினெட்டு அணிகள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்ட மைதானம், ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. ஆண்களில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், ஏ.எஃப்.எல்.டபிள்யூ.வில் பதினாறு பேர். ஆஃப்சைடு என்பதே கிடையாது. அதனால் பந்து கையில் இருக்கிறவளை எதிரணி முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எந்தத் திசையிலிருந்தும் வந்து மடக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளிடமிருந்து தப்ப, ஓடுகிற ஓட்டத்தில் ஒரு காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவது இந்த ஆட்டத்தில் நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும். முழங்காலுக்கு ஆபத்து அந்தத் திருப்பத்தில்தான்.

விக்டோரியாவில் பெண்பிள்ளைகள் பதினான்கு வயதை ஒட்டி, பையன்களோடு ஆடுவதை நிறுத்தியாக வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் மூன்று சிறுமிகள் இந்த மாதிரித் தடையை எதிர்த்து மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அந்த வழக்கின் பலனாகப் பெண்பிள்ளைகளுக்கென்று தனிப் போட்டிகள் வரத் தொடங்கின. ஆனால் எல்லா ஊரிலும் வந்துவிடவில்லை. இவள் ஊரில் இல்லை. கிராமப்புற விக்டோரியாவில் கிளப்பின் பெயரே "ஃபுட்பால் நெட்பால் கிளப்" என்றுதான் இருக்கும். மைதானத்தை ஒட்டியே, கூடைப்பந்தைப் போன்ற ஆட்டமான நெட்பாலுக்கான கோர்ட். பையன்கள் புல்லுக்கு, பெண்கள் கோர்ட்டுக்கு. இவளும் கோர்ட்டுக்குப் போனாள். கொரோனாவால் 2020 சீசனே நடக்கவில்லை, 2021 பாதியில் நின்றது. பக்கத்து ஊர் கிளப் பெண்பிள்ளைகள் அணி தொடங்கியபோது, 2022-இல், பதினாறு வயதில் ஃபுட்டிக்குத் திரும்பினாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி. பையன்கள் மோதி விழுவதையும் விழுந்து எழுவதையும் படிப்படியாகக் கற்கும் வயது அது. இவளோ பதின்மூன்று வயது உடலோடு விட்டுப்போய், உயரமும் எடையும் கூடிய வேறொரு உடலோடு திரும்பி வந்தாள். உதையும் வேகமும் அப்படியே இருந்தன. அதனால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

2023: பார்த்ததும் பார்க்காமல் விட்டதும்

2023 தொடக்கத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான மாநிலத் திறமை லீக்கில் ஓர் அணி அவளைச் சேர்த்துக்கொண்டது. ஏ.எஃப்.எல்.டபிள்யூ. கிளப்புகள் ஆள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் போகிற முக்கிய வழி இதுதான். வாரம் இரண்டு மாலை பயிற்சி. ஒரு பக்கத்துக்கே ஒன்றேகால் மணி நேரக் கார்ப்பயணம். அப்பா பால் கறந்து முடிக்க நேரமாகும் என்பதால் எப்போதும் அம்மாதான் ஓட்டினார்.

நெட்பாலை விடவில்லை. அவள் விட்டால் கிளப் அணிக்கு ஆள் பற்றாது. பக்கத்து ஊர் ஃபுட்டி அணியையும் விடவில்லை, அங்கேதான் தோழிகள். பள்ளியில் கூடைப்பந்து, தடகளம்.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நெட்பாலுக்கு முன்னால் என்னிடம் வந்தாள். வலது முழங்காலின் முன்பக்கம் வலி, படி இறங்கும்போது அதிகம் என்றாள். அழுத்திப் பார்த்தேன், முட்டிச்சில்லுக்குக் கீழே தொட்டால் வலித்தது. வளரும் பிள்ளைகளுக்குச் சகஜமாக வருவது. டேப் சுற்றினேன். "ரொம்பக் களைப்பா இருக்கு" என்றும் சொன்னாள். "தூங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வரிசையில் இன்னும் ஆறு பேர் கணுக்காலை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பின்னால் உறுத்தியது இந்த இரண்டு நிமிடம்தான். அந்த முன்வலிக்கும் பின்னால் கிழிந்த ஜவ்வுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வலி என்றும் களைப்பு என்றும் ஒரே மூச்சில் சொல்லும்போது, இந்த வாரம் என்னென்ன ஆடினாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜூன், மூன்றாவது கால்பகுதி

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. எல்லைக் கோட்டைச் சுற்றி வழக்கம்போல் கார்கள், கோல் விழுந்தால் ஹாரன். மூன்றாவது கால்பகுதியில் பந்தைத் தரையிலிருந்து எடுத்து ஓடினாள். இடப்பக்கமிருந்து ஒருத்தி வருவதைக் கடைசி நொடியில் பார்த்து, வலது காலை ஊன்றித் திரும்பினாள். யாரும் தொடவே இல்லை. விழுந்தாள். ஏசிஎல் எனப்படும் மூட்டு ஜவ்வுக் காயங்களில் பெரும்பாலானவை இப்படி யாரும் மோதாமலே நடப்பவைதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அழவில்லை. "சத்தம் கேட்டது" என்றாள். முழங்காலைச் சற்றே மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்காலில் கயிறு இழுபட்டதுபோல் டக்கென்று ஒரு நிற்றல் கைக்குத் தெரியும். அது இல்லை. கால் என் கையோடு வந்தது. இடது காலிலும் செய்து பார்த்தேன், அங்கே நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அந்த வாரமே எம்.ஆர்.ஐ. ஏசிஎல் முழுதாக அறுந்திருந்தது. மெனிஸ்கஸ் எனப்படும் மெத்தை ஜவ்வும் ஓரத்தில் கிழிந்திருந்தது.

காலண்டர்

ஸ்கேன் முடிவைப் பேச அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பிரிட்ஜ் கதவில், மாட்டுத்தீவனக் கடையின் இலவசக் காலண்டர். அம்மா அதில் நாலு நிறப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். திறமை அணிக்கு நீலம், நெட்பாலுக்குச் சிவப்பு, ஊர் ஃபுட்டிக்குப் பச்சை, பள்ளிக்குக் கறுப்பு. எதற்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், என்ன சட்டை, பழத்தட்டு யார் முறை என்பது வரைக்கும் இருந்தது. இவ்வளவு ஒழுங்கான பயிற்சிப் பதிவேட்டை நான் எந்த அணியிலும் பார்த்ததில்லை.

காயத்துக்கு முந்தைய எட்டு வாரங்களை அங்கேயே நின்று எண்ணினேன். ஐம்பத்தாறு நாளில் எந்த நிறமும் இல்லாத நாட்கள் ஐந்து. அதில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாளாம். மூன்று வார இறுதிகளில் சனிக்கிழமை காலை நெட்பால், பிற்பகல் திறமை அணி ஆட்டம், மறுநாள் ஊர் ஃபுட்டி. நெட்பாலில் பந்தைக் குதித்துப் பிடித்ததும் அங்கேயே நின்றாக வேண்டும், பந்தோடு ஓட முடியாது. அதுவும் முழங்கால் வாங்கும் அடிதான்.

நாலு பயிற்சியாளர்கள். நாலு பேரும் நல்லவர்கள், நாலு பேருமே "எங்களிடம் சுமை அதிகமில்லை" என்று பிற்பாடு சொன்னார்கள், அதுவும் பொய்யில்லை. அவரவர் நிறம் மட்டுமே அவரவருக்குத் தெரியும். நாலையும் சேர்த்துப் பார்த்தது அந்த பிரிட்ஜ் கதவு ஒன்றுதான்.

அம்மா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அவள் ஆசைக்கு நாங்கள் குறுக்கே நிற்கக்கூடாது என்றுதானே எல்லாவற்றுக்கும் கூட்டிப்போனோம்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுமைதான் ஜவ்வை அறுத்தது என்று நிரூபிக்க வழியில்லை. பெண்கள் ஃபுட்டியில் ஏசிஎல் காயம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது ஏ.எஃப்.எல்.டபிள்யூ.வின் முதல் சில சீசன்களிலேயே தெரிந்துவிட்டது. இடுப்பின் அமைப்பு, ஹார்மோன் என்று காரணம் தேடியவர்கள் உண்டு. சின்ன வயதிலிருந்து முறையான பயிற்சியும் உடற்பயிற்சிக்கூட வசதியும் பெண்களுக்குக் கிடைக்காததைச் சொல்கிறவர்களும் உண்டு. இவள் விஷயத்தில் எனக்கு இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. உடலமைப்பை நான் மாற்ற முடியாது, காலண்டரை மாற்றலாம்.

அறுவை சிகிச்சையா, வேண்டாமா

ஏசிஎல் அறுந்தால் உடனே கத்தி என்று கிடையாது. முதலில் பயிற்சி கொடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் பின்னால் அறுவை செய்யலாம் என்ற வழியிலும், பாதிப் பேருக்கு அறுவையே தேவைப்படாமல் நல்ல பலன் வந்ததாக ஸ்வீடன் ஆய்வு ஒன்று உண்டு. இதை அவர்களிடம் சொன்னேன். ஆனால் ஊன்றித் திரும்பும் ஆட்டத்துக்கே திரும்பப் போகிறாள், மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது, வயது பதினேழு. மூன்றையும் வைத்துப் பார்த்து அறுவைக்கு முடிவானது. ஜூலை நடுவில் மெல்பர்னில் நடந்தது. தொடையின் பின்தசை நாணை எடுத்து ஏசிஎல்லாக வைத்தார்கள். இளம் வயதில் ஒட்டு மறுபடி அறுவது அதிகம் என்பதால், முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு பட்டியை இழுத்துக் கட்டும் கூடுதல் வேலையும் செய்தார் அறுவை மருத்துவர்.

பணம் பற்றி ஒரு வார்த்தை, இங்கே பிள்ளைகளை ஃபுட்டியில் சேர்க்கிறவர்களுக்காக. கிளப் காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இவர்கள் நம்பியிருந்தார்கள். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பட்டியலில் வரும் சிகிச்சைக்கான மீதித் தொகையை விளையாட்டுக் காப்பீடு கொடுக்க ஆஸ்திரேலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. குடும்பத்துக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு இருந்ததால் காத்திருக்காமல் முடிந்தது. இருந்தும் கையிலிருந்து கணிசமாகப் போனது.

ஒன்பதா, பன்னிரண்டா

முதல் ஆறு மாதம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீக்கம் வடிந்தது, கால் நீண்டது, தசை வந்தது. பண்ணையில் வளர்ந்த பிள்ளை, சொன்னதைச் செய்வாள். ஜிம் போக நேரமில்லாத நாளில் கன்றுக்குட்டிக்குப் பால்பவுடர் மூட்டையைத் தூக்கி ஸ்குவாட் செய்து வீடியோ அனுப்புவாள்.

சிக்கல் 2024 ஏப்ரலில் வந்தது. அறுவைக்கு ஒன்பது மாதம். அந்த வருடம்தான் அவளுக்கு டிராஃப்ட் வருடம், திறமை லீக் சீசனும் அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு காலால் தாண்டும் சோதனையில் அறுவை செய்த கால் மறு காலின் 96 சதவீதத்தை எட்டியது. தசை பலத்திலும் தேறினாள். ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பினால் மறுகாயம் மிகவும் கூடுகிறது, ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று ஒரு நார்வே ஆய்வு சொல்கிறது. அந்தக் கோட்டையும் தாண்டிவிட்டாள். காகிதத்தில் தடை ஒன்றும் இல்லை.

திறமை அணிப் பயிற்சியாளர் நியாயமாகத்தான் கேட்டார். "சோதனையில் எல்லாம் தேறிவிட்டாள். ஆடாவிட்டால் தேர்வாளர்கள் அவளை எங்கே பார்ப்பார்கள்?"

இரண்டு விஷயங்கள் என்னைத் தடுத்தன. ஏசிஎல் காயத்துக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்ப மனம் தயாரா என்று கேட்கும் பன்னிரண்டு கேள்விப் படிவம் ஒன்று உண்டு, மெல்பர்னில் உருவானதுதான். நூற்றுக்கு ஐம்பதுகூட வரவில்லை அவளுக்கு. இரண்டாவது, பயிற்சியில் பார்த்தது. கூம்புகளை வைத்து இஷ்டப்பட்ட பக்கம் திரும்பு என்று சொன்னால், பத்தில் ஒன்பது முறை இடது காலை ஊன்றி வலப்பக்கமே திரும்பினாள். வலது காலை ஊன்ற வேண்டி வந்தால் அதற்கு முன் இரண்டு குட்டி அடி வைத்து, குனிந்து பாதத்தைப் பார்ப்பாள். அரை நொடிதான். ஆட்டத்தில் அந்த அரை நொடி யாரும் தரமாட்டார்கள்.

விளையாட்டுக்குத் திரும்பும் இளம் வயதினரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அதே முழங்காலிலோ மறு முழங்காலிலோ இன்னொரு ஏசிஎல் காயம் வருகிறது. இதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு மாதம் வரை பொறுக்கலாம் என்பது என் யோசனை. ஒன்பதுக்கு இருக்கிற அளவு திடமான ஆதாரம் பன்னிரண்டுக்கு இல்லை, இது அவள் பாதத்தைப் பார்த்துச் சொல்வது என்பதையும் சொன்னேன்.

முடிவை அவளிடமே விட்டோம். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். "ஜூலைன்னா ஜூலை. ஆனா அதுவரைக்கும் அந்தப் பக்கமே திரும்பக் கத்துக்குடுங்க." அந்த மூன்று மாதமும் அதுதான் வேலை. முதலில் யாருமில்லாமல், அப்புறம் தம்பி வயதுப் பையன்கள் துரத்த, அப்புறம் எந்தப் பக்கம் என்று கடைசி நொடியில் கத்திச் சொல்ல. கடைசியில் ஈர மைதானத்தில்.

அதன் பிறகு

2024 ஜூலைக் கடைசியில் ஆடத் திரும்பினாள். அந்தச் சீசனில் மொத்தம் ஆறு ஆட்டம். மாநில அணித் தேர்வு அவள் இல்லாமலே முடிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் அந்த வருடமே. டிசம்பர் டிராஃப்டில் அவள் பெயர் வரவில்லை. ஏப்ரலில் இறங்கியிருந்தால் வந்திருக்குமா? தெரியாது. அப்பா இன்றும் வந்திருக்கும் என்றே நம்புகிறார், என்னிடம் மரியாதையோடு அதைச் சொல்லவும் செய்தார். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

2025-இல் படிப்புக்காக மெல்பர்ன் போனாள். அங்கே மாநிலப் பெண்கள் லீக்கான வி.எஃப்.எல்.டபிள்யூ.வில் ஓர் அணியில் இடம் கிடைத்தது. அந்தச் சீசன் முழுக்க ஆடினாள். ஒரு ஆட்டம் ஜலதோஷத்தால் போனது. முழங்காலால் ஒன்றும் போகவில்லை. இன்னும் டிராஃப்ட் ஆகவில்லை. அவளைவிட வயது கூடியவர்களையும் கிளப்புகள் எடுப்பதுண்டு.

கிளப்பில் மாற்றியவை

பெண்பிள்ளைகள் அணிக்கு இப்போது வார்ம்-அப் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது இல்லை. தேசிய லீக்கை நடத்தும் ஏ.எஃப்.எல். அமைப்பு, லா ட்ரோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பெண்கள் ஃபுட்டிக்கென்று உருவாக்கிய 'பிரெப் டு பிளே' பயிற்சிகளைச் செய்கிறார்கள். குதித்து இறங்குவது, ஊன்றித் திரும்புவது, மோதி விழுவது எல்லாம் அதில் உண்டு. இந்த மாதிரிப் பயிற்சிகள் பெண்களிடம் ஏசிஎல் காயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. 2023-இலும் அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் கிளப்பில் யாரும் எடுத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சீசன் தொடங்கும் முன் பெற்றோரிடம் வீட்டுக் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட அணியில் ஆடும் பிள்ளைக்கு, எந்தப் பயிற்சியாளர் யாரோடு பேச வேண்டும் என்று ஒருவர் பெயர் எழுதி வைக்கிறோம். இது பாதி நேரம்தான் நடக்கிறது. சிலருக்குக் கோபம் வருகிறது, நெட்பால் தரப்புக்குக் கொஞ்சம் அதிகமாக. வாரத்தில் ஒரு நாள் எந்த நிறமும் இருக்கக்கூடாது என்று எழுதிப்போட்டிருக்கிறோம். அதை மீறுகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

நான் மாற்றிக்கொண்டது, டேப் கேட்டு வரும் எந்தப் பிள்ளையிடமும் சுருளைப் பிரிக்கும் முன் மூன்று கேள்வி. எப்போதிலிருந்து வலி? இந்த வாரம் எத்தனை நாள் ஆடினாய்? நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்? வரிசை நீளும், பரவாயில்லை.

போன ஆகஸ்டில் ஊருக்கு வந்திருந்தாள். கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள் சும்மா ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இடது கணுக்காலில் லேசான வலி என்று வந்து, பெஞ்சில் காலை நீட்டினாள். நான் வாயைத் திறக்கும் முன் அவளே விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். "முந்தாநேத்திலிருந்து. மூணு நாள். ஏழரை மணி நேரம். இப்போ சுத்துங்க."